டர்பனில் வெள்ளச் சேதக் கோப்பு கட்டுவது எப்படி? இழப்பு–சேத நிதியை எதிர்பார்க்கும் சங்கங்களுக்கு

வெள்ளம் வடிந்து சில மாதம் போனதும், தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் சுற்றிலும் உள்ள சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், வெருலம், டோங்காட் பக்கத்துக் கோயில் சங்கங்களிலும் குடியிருப்போர் சங்கங்களிலும் ஒரே கேள்விதான் எழுகிறது. காலநிலை மாற்றத்தால் அடிபடும் வளரும் நாடுகளுக்கு உதவ உலக அளவில் இழப்பு–சேத நிதி என்று ஒன்று வந்திருக்கிறதாமே, அதற்கு விண்ணப்பப் படிவம் எங்கே கிடைக்கும்?

படிவம் கிடையாது. தனி ஆளுக்கும் இல்லை, கோயிலுக்கும் இல்லை, சங்கத்துக்கும் இல்லை. அந்த நிதி நாடுகளின் கோரிக்கையைத்தான் வாங்கும். இது தெரியாமல் மாதக்கணக்கில் அலைந்து, கடைசியில் உருப்படியான பதிவு ஒன்றுகூடக் கையில் இல்லாமல் நிற்பவர்கள் பலர். ஆனால் நாடு அனுப்பும் கோரிக்கையில் எந்தத் தெரு இருக்கும், எந்தத் தெரு விடுபடும் என்பது கீழிருந்து போகும் கோப்பைப் பொறுத்தது. அந்தக் கோப்பைக் கட்டும் வழிதான் இங்கே வரிசையாக இருக்கிறது. மழைக்காலம் தொடங்கும் முன்பே படித்து வையுங்கள். முதல் இரண்டு வாரத்தில் எடுக்காத பதிவைப் பிறகு எவ்வளவு செலவழித்தாலும் வாங்க முடியாது.

1. பணம் எந்த வாசல் வழியாக வருகிறது என்று பாருங்கள்

நிதியின் வாரியம் 2025 ஏப்ரலில் பார்படாஸில் கூடி முதல் கட்டத்துக்கான விதிகளை வகுத்தது. அந்தக் கட்டத்துக்கு ஒதுக்கியது 250 மில்லியன் அமெரிக்க டாலர். முழுவதும் மானியம், கடன் இல்லை. ஒரு கோரிக்கை 5 மில்லியனிலிருந்து 20 மில்லியன் டாலர் வரை இருக்கலாம். மொத்தத்தில் குறைந்தது பாதி, சிறு தீவு நாடுகளுக்கும் மிகவும் பின்தங்கிய நாடுகளுக்கும் போக வேண்டும்.

தென்னாப்பிரிக்கா இந்த இரண்டு பட்டியலிலும் இல்லை. மீதிப் பாதியில் இந்தியா, பாகிஸ்தான், பிரேசில், பிலிப்பைன்ஸ், கென்யா போன்ற நாடுகளோடு சேர்ந்து வரிசையில் நிற்க வேண்டும். அந்தப் பாதி அதிகபட்சம் 125 மில்லியன். எல்லோரும் 20 மில்லியன் கேட்டால் ஆறு கோரிக்கைகளோடு அது தீர்ந்துவிடும். சங்கக் கூட்டத்தில் இந்தக் கணக்கை முதல் நாளே சொல்லிவிடுங்கள். 'வீட்டுக்கு இவ்வளவு வரும்' என்று யாராவது ஆசை காட்டிவிட்டால், பிறகு கணக்கெடுப்புக்கு வரும் பதில்களெல்லாம் வீங்கிவிடும்.

இன்னொரு கணக்கு. டாலருக்கு 17, 18 ராண்ட் என்று வைத்தால் 5 மில்லியன் டாலர் என்பது 85 முதல் 90 மில்லியன் ராண்ட். ஒரு தெருவின் வீட்டுப் பழுது அந்தத் தொகையைத் தொடாது. எனவே ஒரே ஆற்றின் கரையில் உள்ள பல வார்டுகள் சேர வேண்டும், இல்லாவிட்டால் மாநகராட்சியின் பெரிய திட்டத்துக்குள் உங்கள் பகுதி ஒரு பிரிவாக இடம்பெற வேண்டும். தனியாகப் போக வழியில்லை.

கோரிக்கை அரசின் எழுத்து மூல ஒப்புதலோடுதான் போக முடியும். இங்கே காலநிலை நிதிகளுக்கெல்லாம் பொறுப்பு காடு, மீன்வளம், சுற்றுச்சூழல் துறையிடம் இருக்கிறது. அந்தத் துறைக்கு எழுதி, இழப்பு–சேத நிதிக்கான தொடர்பு அலுவலர் யார் என்று கேட்டு, பதிலைக் கோப்பில் வையுங்கள். தொலைபேசியில் கேட்டது செல்லாது. அலுவலர் மாறினால் பேச்சும் அவரோடு போய்விடும்.

முதல் சுற்றின் கோரிக்கைகளுக்கு 2025 டிசம்பர் 15 முதல் ஆறு மாதம் அவகாசம் தரப்பட்டது. அடுத்த சுற்றுக்கும் அவகாசம் இப்படி மாதக்கணக்கில்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். அறிவிப்பு வந்த பிறகு வீடு வீடாகக் கணக்கெடுக்கத் தொடங்கினால் நேரம் போதாது.

2. சங்கத்தின் காகிதங்களை நேராக்குங்கள்

1997ஆம் ஆண்டின் லாப நோக்கற்ற அமைப்புகள் சட்டத்தின்கீழ் சமூக மேம்பாட்டுத் துறையில் பதிவு செய்திருக்க வேண்டும். பேச்சு வழக்கில் இது என்.பி.ஓ. எண். கட்டணம் இல்லை. விண்ணப்பத்தை இரண்டு மாதத்துக்குள் பரிசீலிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ஆனால் ஒரு பக்கம் குறைந்தாலும் திரும்பி வரும், இரண்டு மாதம் மறுபடி முதலிலிருந்து ஓடும்.

பதிவு இருக்கிறது என்று நம்பி உட்கார்ந்திருக்கும் பழைய சங்கங்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கின்றன. நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதத்துக்குள் ஆண்டறிக்கையும் கணக்கும் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் விட்டால் பதிவு ரத்தாகும். கூட்டாளி நிறுவனம் (நிதியின் பணத்தைக் கையாளும் நிறுவனம், 7ஆம் படியில் வருகிறது) முதலில் சரிபார்ப்பது இதைத்தான். இன்றைய நிலையை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

கோயில் சங்கங்களுக்குக் கூடுதலாக ஒன்று. பல கோயில்களின் விதிமுறைப் பத்திரத்தில் பூசை, திருவிழா, தமிழ்ப் பள்ளி என்று மட்டும் நோக்கம் எழுதியிருக்கும். பேரிடர் நிவாரணம், மறுசீரமைப்பு என்ற சொற்கள் அதில் இல்லாவிட்டால் நிவாரணத்துக்கு வரும் பணத்தைக் கையாள உங்களுக்கு அதிகாரம் இல்லை. பொதுக்குழுவைக் கூட்டித் தீர்மானம் போட்டு, திருத்திய விதிமுறையைத் துறைக்கு அனுப்புங்கள். பொதுக்குழு அறிவிப்புக்கான நாட்களையும் கணக்கில் வையுங்கள்.

வங்கிக் கணக்கு சங்கத்தின் பெயரில் இருக்கட்டும், இரண்டு பேர் கையெழுத்தில் இயங்கட்டும். பொருளாளர் சொந்தக் கணக்கில் நிவாரணப் பணம் வாங்கிய வழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள்.

3. வீட்டுக்கு வீடு சேதப் பதிவு எடுங்கள்

முழுக் கோப்பின் பலமும் இந்தப் படியில்தான் இருக்கிறது. அவசரப்படாமல் படியுங்கள்.

இரண்டு பேர் சேர்ந்து போக வேண்டும். ஒருவர் அளப்பார், ஒருவர் எழுதுவார். சாக்குக்கட்டி, ஐந்து மீட்டர் டேப், கைப்பேசி, தண்ணீர் படாத உறையில் படிவம், இவ்வளவு போதும். போனில் தேதி சரியா, இருப்பிடம் காட்டும் வசதி திறந்திருக்கிறதா என்று புறப்படும் முன் பாருங்கள்.

முதல் படம் வாசலில், வீட்டு எண் தெரிய. இரண்டாவது படம் மின்மீட்டர் எண் தெரிய. பத்திரம் இல்லாத வீட்டுக்கும் மீட்டர் எண் ஒரு அடையாளம்.

அடுத்தது தண்ணீர் நின்ற கோடு. சுவரில் பழுப்பாக ஒரு வரி தெரியும். வீட்டுக்காரர்கள் கழுவுவதற்கு முன் போக வேண்டும். சுவரைக் கழுவியிருந்தால் கதவின் உட்புற விளிம்பிலோ ஃப்ரிட்ஜின் பின்பக்கத்திலோ கோடு மிச்சமிருக்கும். டேப்பின் அடி நுனியைத் தரையில் வைக்கும்போதுதான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். தரையில் சேறு படிந்திருந்தால் கையகலத்துக்குச் சுரண்டி, டைல்ஸோ சிமெண்டோ தெரிந்த பிறகு வையுங்கள். சேற்றின் மேல் வைத்து அளந்தால் பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் குறைந்துவிடும். பக்கத்து வீட்டு அளவோடு பொருந்தாமல் போனால் முழுப் பட்டியலுமே சந்தேகத்துக்கு உள்ளாகும். முற்றத்திலிருந்து அளக்காதீர்கள், வீட்டுத் தரையிலிருந்து அளந்தால்தான் கணக்கு. கோட்டில் சாக்குக்கட்டியால் குறியிட்டு, டேப்பின் எண் படிக்கும்படி படம் எடுங்கள்.

ஒவ்வொரு அறைக்கும் எதிரெதிர் மூலைகளிலிருந்து இரண்டு படம். கெட்டுப்போன மின்சாதனங்களின் பின்புறத்துப் பெயர்த்தகட்டுக்கு ஒரு படம். இடிந்த சுவர் என்றால் நீளம், உயரம், எந்தப் பொருளால் கட்டியது, கம்பி இருந்ததா என்று எழுதுங்கள்.

பதிவில் ஒரு வரி இப்படி அமைய வேண்டும்:

'வீடு 14, கீழ்த்தளம். நீர்க்கோடு தரையிலிருந்து 83 செ.மீ. பின்சுவர் 6 மீட்டர் நீளம், 1.8 மீட்டர் உயரம், சாய்ந்தது. பிளாக் கட்டு, கம்பி இல்லை. ஃப்ரிட்ஜ் 1, வாஷிங் மெஷின் 1, மெத்தை 3. வசிப்போர் 7, அறுபது வயது கடந்தோர் 2. வெளியே தங்கிய நாள் 41. இன்சூரன்ஸ் இல்லை. கிடைத்த உதவி: உணவுப் பொட்டலம், போர்வை 4.'

இதில் 'பயங்கரமான', 'முழுவதும் அழிந்தது' போன்ற சொல் ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். அளவு இருந்தால் பொறியாளர் விலை போட்டுவிடுவார். சொல்லுக்கு விலை போட முடியாது. கடைசி இரண்டு தகவல்களையும் விட்டுவிடாதீர்கள். இன்சூரன்ஸிலோ அரசு நிவாரணத்திலோ வந்ததை மறைத்து அதே சேதத்தை மறுபடி கணக்கில் ஏற்றினால், ஒரு வீட்டின் பொய் முந்நூறு வீட்டின் கோப்பைக் கவிழ்க்கும்.

படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படத்துக்குள் பதிந்திருக்கும் இடமும் நேரமும் அழிந்துவிடும். டாக்குமென்ட் ஆக அனுப்புங்கள், இல்லாவிட்டால் கேபிள் போட்டு நேராகக் கம்ப்யூட்டருக்கு மாற்றுங்கள். கடை ரசீதுகளையும் அன்றைக்கே படம் எடுத்துவிடுங்கள். வெப்பத்தாளில் அச்சடித்த ரசீது சில மாதத்தில் வெள்ளைத் தாளாகிவிடும்.

பெயர்கள். வீட்டுப் பத்திரம் இன்னும் தாத்தா பெயரில், வரி பில் அப்பா பெயரில், குடியிருப்பது பேத்தி என்பது நம் குடும்பங்களில் சகஜம். கோவெண்டர், நாயுடு, மூட்லி என்ற பெயர்களும் ஆவணத்துக்கு ஆவணம் வேறு எழுத்தில் இருக்கும். வாரிசுச் சிக்கல் தீரும்வரை பதிவை நிறுத்தி வைக்காதீர்கள். 'பத்திரத்தில் உள்ள பெயர்', 'குடியிருப்பவர்' என்று இரண்டு பத்தி போட்டு, அடையாள அட்டையில் உள்ள எழுத்தையே எழுதுங்கள். இறந்தவரின் சொத்து மொத்தம் 250,000 ராண்டுக்குள் இருந்தால் உயர் நீதிமன்ற மாஸ்டர் அலுவலகத்தில் அதிகாரக் கடிதம் வாங்குவது முழு நிறைவேற்றுநர் நடைமுறையைவிட எளிது. அதைத் தனியாக நடத்திக்கொள்ளலாம்.

ஆற்றோரக் குடிசைப் பகுதிகளில் பத்திரம், வரி பில் எதுவும் இருக்காது. அங்கே காவல் நிலையத்தில் செய்து கொடுக்கும் பிரமாணப் பத்திரம் போதும், அதற்குக் கட்டணம் இல்லை. ஜூலு பேசுகிறவர் ஒருவர் கணக்கெடுப்பில் இருந்தே ஆக வேண்டும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பன் இருக்கும் குவாசுலு–நேட்டால் மாகாணத்தில் 400க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். சரிவுகளிலும் ஆற்றோரங்களிலும் கூரை போட்டிருந்தவர்களுக்கு விழுந்த அடி பெரிது. நம் தெருவை மட்டும் எழுதிவிட்டுச் சுவருக்கு அந்தப் பக்கத்துக் குடிசைகளை விட்டுவிட்ட பட்டியல் எந்த மேசையிலும் நிற்காது. நிற்கவும் கூடாது.

தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி ஒவ்வொரு வீட்டிலும் ஒப்புதல் கையெழுத்து வாங்குங்கள். 'இந்தத் தகவலை மாநகராட்சிக்கும் அரசுத் துறைக்கும் கூட்டாளி நிறுவனத்துக்கும் கொடுக்கலாம்' என்று அதில் வெளிப்படையாக எழுதியிருக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் நல்ல பட்டியல் கையில் இருந்தும் யாருக்கும் அனுப்ப முடியாது.

4. 'இழப்பு' என்றும் 'சேதம்' என்றும் எதை எழுதுவது

இந்த இரண்டு சொல்லுக்கும் இரண்டு விதமான சொல்வழக்கு உண்டு. இங்கேதான் படித்தவர்களும் தடுக்கி விழுகிறார்கள்.

காலநிலைப் பேச்சுவார்த்தை வழக்கில் இழப்பு என்றால் திரும்ப வராதது: உயிர், கடல் கொண்ட நிலம், கரைந்துபோன கல்லறை. சேதம் என்றால் சரிசெய்யக் கூடியது. ஆனால் உலக வங்கி, ஐ.நா., ஐரோப்பிய ஒன்றியம் மூன்றும் சேர்ந்து பயன்படுத்தும் பேரிடருக்குப் பிந்தைய மதிப்பீட்டு முறையில், உடைந்த சொத்தை மறுபடி கட்ட ஆகும் செலவுதான் சேதம். உடைந்ததால் நின்றுபோன வருமானமும் கூடுதலாக ஆன செலவும் இழப்பு. ஒரே அட்டவணையில் இரண்டு வழக்கும் கலந்தால் தொகை இரட்டிப்பாகிவிடும்.

தலைப்பையே நீட்டி எழுதிவிடுவது நல்லது: 'மறுபடி கட்ட ஆகும் செலவு', 'நின்றுபோன வருமானம்', 'கூடுதலாக ஆன செலவு', 'பணத்தால் அளக்க முடியாதவை'. எந்த வழக்கில் படிப்பவருக்கும் இது புரியும்.

டோங்காட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 வெள்ளத்தில் ஊரின் குடிநீர் சுத்திகரிப்பு நிலையம் சிதைந்து, குழாயில் தண்ணீர் வராமல் மாதங்கள் கடந்தன. சுத்திகரிப்பு நிலையத்தை மறுபடி கட்டிய செலவு மாநகராட்சியின் கணக்கு. ஆனால் ஜோஜோ டேங்க் (பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி) வாங்கிய ரசீது, பக்கி (சிறு சரக்கு வண்டி) வைத்துத் தண்ணீர் கொண்டுவந்த பெட்ரோல் செலவு, மூடிக் கிடந்த டீக்கடையின் வருமானம், தண்ணீர் சுமந்ததால் வேலைக்குப் போக முடியாத நாட்கள் எல்லாம் வீடுகளின் கணக்கு. வெள்ளம் வீட்டுக்குள் நுழையவே இல்லை என்பதற்காக இந்தக் குடும்பங்களைப் பட்டியலிலிருந்து விட்டுவிடுகிறார்கள். அது தவறு.

பணத்தால் அளக்க முடியாதவற்றுக்கு விலை போடாதீர்கள். வெள்ளம் கொண்டுபோன தமிழ்ப் பள்ளியின் பழைய வருகைப் பதிவேடு, சரிந்த கல்லறை, முதல் தலைமுறை கப்பலில் கொண்டுவந்த குத்துவிளக்கு இவற்றுக்கு நான்கு வரி போதும்: என்ன பொருள், யாருக்கு என்ன பயன்பட்டது, எத்தனை காலமாக, மாற்று உண்டா. மழைச் சத்தம் கேட்டாலே தூங்காத குழந்தைகளையும் பாட்டிகளையும் பற்றி எழுதும்போது பெயர் வேண்டாம். எத்தனை பேர், ஆலோசனை கிடைத்ததா என்று மட்டும் எழுதுங்கள்.

5. காலநிலை மாற்றத்தோடு எவ்வளவு தொடர்போ அவ்வளவே சொல்லுங்கள்

2022 ஏப்ரல் மழைக்கு உறுதியான ஆய்வு இருக்கிறது. வானிலைப் பேரிடர்களில் காலநிலை மாற்றத்தின் பங்கை ஆராயும் வேர்ல்ட் வெதர் அட்ரிபியூஷன் குழுவின் கணிப்புப்படி, புவி வெப்பமடையாத உலகில் சுமார் 40 ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய அப்படிப்பட்ட மழை இப்போது சுமார் 20 ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடியதாகிவிட்டது. மழையின் அளவு 4 முதல் 8 சதவீதம் கூடியது. இதை அப்படியே எழுதுங்கள். 'முழுக்க முழுக்கக் காலநிலை மாற்றத்தால் வந்த வெள்ளம்' என்று எழுதினால் ஆய்வைப் படித்தவர் அந்த வரியோடு கோப்பை மூடிவிடுவார்.

வானிலைத் துறையிடம் உங்களுக்கு அருகிலுள்ள நிலையத்தின் மழைப் பதிவை எழுத்தில் கேளுங்கள். மவுன்ட் எட்ஜ்கோம்ப் போன்ற இடங்களில் 24 மணி நேரத்தில் 300 மில்லிமீட்டருக்கு மேல் பதிவானது. கட்டணம் கேட்டால் விலைப்புள்ளி வாங்கி, சங்கக் கணக்கிலிருந்தே செலுத்துங்கள்.

2024 ஜூன் 3 அன்று டோங்காட்டைத் தாக்கிய சூறாவளிச் சுழலை இதே கோப்பில் சேர்க்க வேண்டாம். கன மழைக்கும் வெப்பமயமாதலுக்கும் உள்ள தொடர்பு அளவுக்கு, இப்படிச் சிறு பரப்பில் சுழன்றடிக்கும் காற்றுக்கு உறுதியான ஆய்வுச் சான்று இல்லை. அந்தக் குடும்பங்களின் துயரம் குறைந்தது என்று பொருளில்லை. அவர்களுக்குத் தனிக் கோப்பு கட்டி உள்நாட்டு நிவாரண வழியில் அனுப்புங்கள்.

அடைத்துக் கிடந்த மழைநீர் வடிகால், அனுமதி இல்லாத மண் நிரப்பல், தாங்குசுவர் இல்லாத சரிவு இவற்றை மறைக்காதீர்கள். டர்பன் மேடுகளின் பெரியா செம்மணல் நனைந்தால் கரைந்து ஓடும் மண் என்பது பொறியாளர்களுக்கு நன்றாகத் தெரியும். 'மழை இவ்வளவு, வடிகால் குறை இது, இரண்டும் சேர்ந்து இது நடந்தது' என்று எழுதினால் நம்பகம் கூடும். திருத்த வேலையில் வடிகாலையும் சேர்த்துக் கேட்க வழி பிறக்கும்.

6. உள்நாட்டு வாசலைத் தட்டிய சான்று வேண்டும்

உள்நாட்டில் என்ன கேட்டீர்கள், என்ன கிடைத்தது என்பதைச் சர்வதேச நிதியில் எல்லோரும் பார்ப்பார்கள். வார்டு கவுன்சிலருக்கும் டர்பனை நிர்வகிக்கும் எத்தெக்வினி மாநகராட்சியின் பேரிடர் மேலாண்மைப் பிரிவுக்கும் சேதப் பட்டியலின் சுருக்கத்தை முதல் மாதத்திலேயே கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள்.

2002ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி அறிவிக்கும் பேரிடர் நிலை மூன்று மாதத்தில் காலாவதியாகும். அதற்கு மேல் மாதம் மாதமாகத்தான் நீட்டிக்கலாம். அந்த அறிவிப்பு வெளியான அரசிதழின் நகல் உங்கள் கோப்பில் இருக்க வேண்டும்.

மாநகராட்சி தானே எடுத்த சேத மதிப்பீடு உங்கள் பகுதிக்கு இருக்கும், ஆனால் வாயால் கேட்டால் கிடைக்காது. தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின்கீழ் எழுத்தில் கேளுங்கள். பதிலுக்கு 30 நாள். உங்கள் எண்ணும் அவர்கள் எண்ணும் வேறுபட்டால் பயப்பட வேண்டாம், ஏன் வேறுபடுகிறது என்று அரைப் பக்கம் எழுதிச் சேருங்கள்.

7. கூட்டாளி நிறுவனத்தைத் தேடுங்கள்

பசுமைக் காலநிலை நிதி, தழுவல் நிதி போன்ற சர்வதேசக் காலநிலை நிதிகளில் ஏற்கெனவே அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள் இந்த நிதியிலும் பணத்தைக் கையாளலாம். தென்னாப்பிரிக்காவில் முக்கியமானவை இரண்டு: பிரிட்டோரியாவில் உள்ள தேசிய உயிரியல் பன்மை நிறுவனமான சான்பி, மிட்ராண்டில் உள்ள தென்னாப்பிரிக்க மேம்பாட்டு வங்கி. வங்கி பெரிய கட்டுமானத்துக்குப் பழகியது. சமூக அமைப்புகளோடு வேலை செய்த அனுபவம் சான்பிக்கு உண்டு.

தழுவல் நிதியிலிருந்து சான்பி வழியாக வந்த இரண்டு திட்டங்களைப் படித்துவிட்டுப் போங்கள். ஒன்று நம் மாகாணத்திலேயே, உம்ங்கெனி ஆற்றுப் படுகையில் நடந்த சுமார் 7.5 மில்லியன் டாலர் திட்டம். மற்றது மோபானி, நமக்வா மாவட்டங்களில் நடந்த சுமார் 2.4 மில்லியன் டாலர் சிறு மானியத் திட்டம். இரண்டாவதில் பணம் ஊர் அமைப்புகளுக்கு நேராகப் போய்ச் சேரவில்லை. மாவட்டத்துக்கு ஒரு உதவி நிறுவனம் நடுவில் இருந்து கணக்கையும் கொள்முதலையும் கற்றுக்கொடுத்தது. உங்கள் கோப்பிலும் 'நடுவில் யார் இருப்பார்கள்' என்ற கேள்விக்குப் பதில் இருக்க வேண்டும். பல்கலைக்கழகத் துறையோ, தணிக்கை ஒழுங்காக நடக்கும் பெரிய தொண்டு நிறுவனமோ இதற்குப் பொருத்தம்.

முதல் சந்திப்புக்கு இரண்டு பக்கம் போதும். எத்தனை வீடு, எத்தனை பேர், என்ன ஆதாரம் கையில் இருக்கிறது, என்ன வேலை வேண்டும், யார் யார் சேர்ந்திருக்கிறார்கள். முந்நூறு படங்களை மின்னஞ்சலில் கொட்டாதீர்கள்.

8. பணத்துக்கு முன் ஆள் உதவி: சான்டியாகோ வலையமைப்பு

இது பணம் தராது, நிபுணர்களைத் தரும். ஜெனீவாவில் செயலகம், ஐ.நா.வின் இரண்டு அமைப்புகள் நடத்துகின்றன. சேத மதிப்பீடு, பணத்தால் அளக்க முடியாதவற்றின் பதிவு, இடமாற்றத் திட்டம் ஆகியவற்றுக்கு உதவி கேட்கலாம். முதலில் கேட்டது வனுவாட்டு. ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு தொடர்பாளர் உண்டு, அவர் ஒப்புதலோடு கேட்டால்தான் வேலை நகரும். 'திறன் வளர்ப்பு வேண்டும்' என்று பொதுவாகக் கேட்காதீர்கள். 'நான்கு வார்டுகளில் 900 வீடுகளின் பதிவு இருக்கிறது, இதைச் சர்வதேச முறைக்கு மாற்ற மதிப்பீட்டாளர் இருவர் மூன்று மாதத்துக்கு வேண்டும்' என்பதுபோல் எண்ணோடு கேளுங்கள்.

9. செலவும் நாளும்

பதிவு, பிரமாணப் பத்திரம், சான்றளித்த நகல் மூன்றுக்கும் கட்டணம் இல்லை. ஆனால் சான்றளித்த நகல் மூன்று மாதத்துக்கு மேல் பழையதானால் பல அலுவலகங்கள் வாங்குவதில்லை. எல்லாவற்றையும் முதலிலேயே சான்றளித்து வைக்காமல் சமர்ப்பிக்கும் வாரத்தில் செய்யுங்கள்.

கை கடிக்கும் செலவு பொறியாளர் அறிக்கைதான். வீட்டுக்கு ஒன்று வேண்டாம். ஒரே மாதிரி சேதமுள்ள வீடுகளை வகைப்படுத்தி, வகைக்கு இரண்டு வீட்டை மாதிரியாகக் காட்டி அறிக்கை வாங்கினால் செலவு பல மடங்கு குறையும். பொறியாளர் கவுன்சில் பதிவெண் உள்ளவரா என்று பாருங்கள். மூன்று பேரிடம் விலைப்புள்ளி வாங்கி மூன்றையும் கோப்பில் வையுங்கள்.

நாள் கணக்கு: வீட்டுப் பதிவு ஆறு வாரம், சங்கப் பதிவில் குறை இருந்தால் இரண்டிலிருந்து நான்கு மாதம், தகவல் உரிமை மனு ஒரு மாதம், கூட்டாளியோடு பேச்சு ஆறு மாதத்துக்குக் குறையாது. ஒன்று முடிந்து ஒன்று என்று போகாமல் முதல் மூன்றையும் ஒரே வாரத்தில் தொடங்குங்கள். வீடு இன்றைக்கே ஒழுகுகிறவர்களுக்கு இது மருந்தல்ல என்பதையும் வாய்திறந்து சொல்லிவிடுங்கள். அவர்கள் சமூக உதவி முகமையின் அவசர நிவாரணத்துக்கும் மாநகராட்சிக்கும் போக வேண்டும், சங்கத்திலிருந்து ஒருவர் துணைக்குப் போக வேண்டும்.

10. ஏமாற்றுக்காரர்களும் காப்புப் பிரதியும்

'இழப்பு–சேத நிதியில் பெயர் சேர்க்க 500 ராண்ட்' என்று யார் வந்தாலும் மோசடி. அங்கே பெயர் சேர்க்கும் பட்டியலே கிடையாது. வங்கி எண், அடையாள எண் கேட்டு வாட்ஸ்அப்பில் வரும் இணைப்புகளும் அப்படித்தான். தமிழிலும் ஆங்கிலத்திலும் ஜூலுவிலும் ஒரு அறிவிப்பு எழுதிக் கோயில் வாசலிலும் கடைகளிலும் ஒட்டுங்கள்.

சமர்ப்பித்த பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை துறைக்கும் மாநகராட்சிக்கும் ஒரு பக்கக் கடிதம் போகட்டும். எத்தனை வீடு சரியானது, எத்தனை குடும்பம் இன்னும் தற்காலிகக் கூடத்தில் இருக்கிறது, அண்மையில் பெய்த மழையில் புதிதாக என்ன நடந்தது. பழைய எண்ணோடு கிடக்கும் கோப்பு அடுத்த சுற்றில் கவனத்துக்கு வராது.

கோப்புக்கு மூன்று பிரதி வையுங்கள். ஒன்று கூகுள் டிரைவில், ஒன்று வேறு பகுதியில் வசிக்கும் செயற்குழு உறுப்பினர் வீட்டில், ஒன்று சங்க அலுவலகத்தில். அலுவலகம் மண்டபத்தின் கீழ்த்தளத்தில் இருந்தால், 2022இல் தண்ணீர் எந்த உயரம் வரை வந்தது என்று சுவரில் பார்த்து, பெட்டியை அதற்கு மேல் தட்டில் ஏற்றிவிடுங்கள்.